பழைய இரும்புத் தொட்டியில் மீனும் கீரையும்: மதுரைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் பழைய இரும்புத் தொட்டிக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீர் லாரி டேங்க், டீசல் டேங்க், ஜி.ஐ. தகட்டுத் தொட்டி, அதிர்ஷ்டம் இருந்தால் பால் குளிரூட்டும் எவர்சில்வர் தொட்டி என்று காயலான் கடைகளில் எடைபோட்டு வாங்கிவிடலாம். அதைக் கொல்லைப்புறத்தில் வைத்து மீன் விட்டு, மீன் கழிவு கலந்த தண்ணீரை மோட்டாரால் ஜல்லிப் படுகைக்கு ஏற்றி, அங்கே கீரையும் தக்காளியும் வளர்த்து, வடியும் தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்கே விடுவதுதான் அக்வாபோனிக்ஸ். குறைந்த தண்ணீரில் மீனும் காய்கறியும் கிடைக்கும் நல்ல முறை இது. ஆனால் தொட்டியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பலர் சறுக்கிவிடுகிறார்கள்.

தொட்டி வந்ததும் எல்லோரும் முதலில் துருவைச் சுரண்ட உட்காருகிறார்கள். துருவால் மீன் சாவதில்லை. துரு என்பது இரும்பு ஆக்சைடு. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தண்ணீரைக் கலங்கடிக்கும், மோட்டார் வலையை அடைக்கும், தகட்டைத் தின்று ஒருநாள் ஓட்டை போடும், அவ்வளவுதான். துருவே இல்லாமல் பளபளவென்று இருக்கும் தொட்டியைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

அதில் முன்பு என்ன இருந்தது?

கடைக்காரர் "வெறும் தண்ணிதாண்ணே கெடந்துச்சு" என்பார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அடிமூலையிலும் வெல்டிங் ஓரங்களிலும் வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் துடையுங்கள். துணியில் எண்ணெய்ப் பிசுக்கோ சாயமோ ஏறினால் அந்தத் தொட்டி வேண்டாம். சுங்குடிச் சேலைக்குப் பேர் போன ஊர் இது, சாயப் பட்டறைத் தொட்டிகளும் பழைய இரும்போடு கலந்து வரும். சாயமும் அதோடு சேர்த்த ரசாயனமும் துருப் பள்ளங்களுக்குள் இறங்கிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் முழுக்கப் போகாது. பூச்சிமருந்து வைத்திருந்த டிரம் என்று தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

டீசல், பெட்ரோல் டேங்கில் இன்னொரு ஆபத்து உண்டு. மேல்பக்கத்தை வெட்டித் திறக்க கேஸ் கட்டரோடு பட்டறையில் உட்காருவார்கள். டேங்க் காலிதானே என்று நினைப்பது உயிருக்கே உலை வைக்கும். திரவம் போனாலும் ஆவி உள்ளேயே தங்கியிருக்கும்; தீப்பொறி பட்ட நொடியில் டேங்க் வெடிக்கும். வெட்டாமல் பயன்படுத்த முடியாத எரிபொருள் டேங்க்கை வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. மீனுக்காக ஒரு வெல்டர் சாகக் கூடாது.

பழைய பெயின்டிலும் கவனம் தேவை. அந்தக் காலத்து செந்நிற அடிப்பூச்சுகளில் ஈயம் இருக்கும். உலர்ந்த நிலையில் சுரண்டிப் பொடியைப் பறக்கவிட்டால் முதலில் பாதிக்கப்படுவது பக்கத்தில் விளையாடும் குழந்தைகள்.

துத்தநாகம்: அமைதியாகக் கொல்லும்

ஜி.ஐ. தகடு என்றால் இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. மேற்பரப்பில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளை ஒட்டவைத்தது போல வெள்ளிப் பூக்கள் தெரியும். காந்தம் ஒட்டும், எவர்சில்வரில் பெரும்பாலும் ஒட்டாது. இந்தத் துத்தநாகம் கரைந்தால் மீனின் செவுளைப் பாதிக்கும். நமக்கு மிகச் சிறிய அளவு, மீனுக்கு அதுவே அதிகம்.

"எங்க வீட்டுல ஆறு மாசமா ஜி.ஐ. தொட்டிதான், ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொல்வார்கள். அவர் சொல்வதும் பொய்யல்ல. மதுரைப் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் துத்தநாகம் செவுளில் ஏறுவதை ஓரளவு தடுக்கும். கார்பனேட் பிஎச் அளவை (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே போனால் அமிலம்) 7-க்கு மேல் பிடித்து வைப்பதால் துத்தநாகம் கரைவதும் குறைவு. அதனால் தொடக்கத்தில் மீன் நன்றாகவே இருக்கும்.

அப்புறம் இரண்டு விஷயங்கள் நடக்கும். மீன் விடும் அமோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகி, கார்பனேட் மெல்ல மெல்லத் தீரும், பிஎச் இறங்கும். இதற்கிடையில் ஐப்பசி மழை தொடங்கும். மழைநீர் நல்லது என்று மாடிக் குழாயைத் தொட்டிக்குள் திருப்பிவிடுவார்கள். மழைநீரில் கால்சியமும் இல்லை, கார்பனேட்டும் இல்லை. கடினத்தன்மையும் பிஎச்சும் சேர்ந்து விழ, அதுவரை அடங்கியிருந்த துத்தநாகம் கரையத் தொடங்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆக்சிஜன் குறைவு என்று இன்னொரு ஏர் பம்ப் வாங்கிப் போடுவார்கள், மீன் தேறாது. ஒரே தெருவில் ஒருவர் வீட்டில் மீன் வாழ்வதும் இன்னொருவர் வீட்டில் சாவதும் பெரும்பாலும் இப்படித்தான், ராசியால் அல்ல.

தண்ணீர் மட்டக் கோட்டில் விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். அது போர் தண்ணீரின் உப்பாகவும் இருக்கலாம், துத்தநாகத்தின் வெண்துருவாகவும் இருக்கலாம். வினிகர் விட்டால் இரண்டும் பொங்கும், அதனால் அந்தச் சோதனை இங்கே உதவாது. வெள்ளிப் பூ தெரிந்தால் உள்ளே விரிப்புப் போடாமல் மீன் விடாதீர்கள்.

செம்பு துத்தநாகத்தைவிட மோசம். செம்புக் குடத்துத் தண்ணீர் நமக்குப் பழக்கம்தான், மீனுக்கு அது விஷம். தொட்டியோடு வந்த பித்தளை வால்வு, செம்புக் குழாய், அடைப்புக்கு வைத்த பித்தளை நட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பி.வி.சி. பொருத்துங்கள். பித்தளையும் இரும்பும் தண்ணீரில் ஒட்டி இருந்தால் அந்த இணைப்பில் இரும்பு சீக்கிரம் அரிக்கும் என்பதும் ஒரு காரணம்.

பூச்சா, விரிப்பா?

எபாக்சி என்ற பிசின் பூச்சு பூசுவதானால் குடிநீர்த் தொட்டிக்கு உரியது என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். தார் கலந்த எபாக்சி கூடாது. ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டுத் தண்ணீர் நிரப்புவதும் கூடாது. துருவின் மேலேயே பூசினால் சில மாதங்களில் செதில் செதிலாகக் கிளம்பும். கம்பி பிரஷ் போட்டு உலோகம் தெரியும் வரை தேய்த்து, எண்ணெய்ப் பசை நீக்கி, நன்றாகக் காய்ந்த பிறகே முதல் கோட். கையில் ஒட்டவில்லை என்பதும் முழுக்க இறுகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. டப்பாவில் போட்ட நாள்கணக்கு முழுவதும் காத்திருந்து, தண்ணீர் நிரப்பிக் கொட்டி, மறுபடி நிரப்புங்கள்.

என்னைக் கேட்டால் விரிப்பே மேல். பண்ணைக் குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட் போதும். போடுவதற்கு முன் தொட்டியின் உள்பக்கம் முழுக்கக் கையுறை போட்ட கையால் தடவிப் பாருங்கள். வெல்டிங் பிசிறு ஒன்று இருந்தாலும் தண்ணீரின் எடை ஷீட்டை அதன்மேல் அழுத்தி ஓட்டை போட்டுவிடும். பிசிறைத் தேய்த்துவிட்டு, அடியில் பழைய சாக்கு அல்லது கெட்டித் துணி விரித்து, அதன்மேல் ஷீட்.

ஃப்ளெக்ஸ் பேனரை விரிப்பாகப் போடும் வழக்கத்தையும் விட வேண்டும். நம் ஊரில் காதுகுத்து முதல் கட்சிக் கூட்டம் வரை பேனர் சும்மா கிடைக்கிறது என்பது உண்மைதான். அது அச்சடித்த மை உள்ள பி.வி.சி.; நாம் சாப்பிடப்போகும் மீன் மாதக்கணக்கில் கிடக்கும் தண்ணீருக்குப் பொருத்தமானதல்ல.

வெயிலும் எடையும்

சித்திரை, வைகாசியில் மதுரை 40 டிகிரியைத் தொடும். வெயிலில் நிற்கும் இரும்பு அந்தச் சூட்டை அப்படியே தண்ணீருக்குக் கொடுக்கும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 35 டிகிரியில் 7-க்கும் கீழ்தான். அதே நேரத்தில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடும். அமோனியாவின் கதை இன்னும் கடுமை: 30 டிகிரியில் பிஎச் 7 இருந்தால் மொத்த அமோனியாவில் நச்சாக இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு, பிஎச் 8 ஆனால் 7 சதவீதத்துக்கும் மேல். கடினத் தண்ணீரும் கத்திரி வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும்.

அதனால் தொட்டி பிற்பகல் நிழல் விழும் கிழக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வெளிப்புறம் வெள்ளை பெயின்ட், மேலே தென்னங்கீற்றுப் பந்தல். வேப்ப மரத்தடி குளுமைதான், ஆனால் இலையும் பழமும் தொட்டியில் விழாமல் வலை கட்டுங்கள். செடிக்குப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் தெளிக்கும் பழக்கமும் இங்கே செல்லாது. இயற்கை மருந்து என்றாலும் வேம்பின் சாறு மீனுக்கு ஆகாது.

சூடு தணிய தொட்டியைப் பாதி மண்ணில் புதைக்கிறவர்கள் உண்டு. புதைந்த பாகம் வெளியிலிருந்து துருப்பிடிக்கும், தெரியவும் தெரியாது. சமன்செய்த தரையில் ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் வையுங்கள். மொட்டை மாடி வேண்டாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 1000 கிலோ அழுத்தும். ஆள் நடமாடும் மாடிக்கு நம் கட்டட விதிகள் கணக்கில் எடுப்பது 150 கிலோ அளவுதான்.

தொட்டி தயார், மீன் எப்போது?

அன்றைக்கே விடக் கூடாது. அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஜல்லியில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். கொஞ்சம் மீன் தீவனத்தைத் தொட்டியில் போட்டு அழுகவிட்டு, சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்குவதைப் பார்த்த பிறகே குஞ்சு. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக, ஏர் பம்ப் போட்டு ஒரு நாளாவது விட்டு வையுங்கள். ஜல்லியைப் பொறுத்தவரை மேலூர்ப் பக்கத்துக் கருங்கல் ஜல்லி நல்லது, பொடி போகக் கழுவினால் போதும். வினிகர் விட்டுப் பொங்கினால் சுண்ணாம்புக் கல், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தொடக்கத்தில் 1000 லிட்டருக்கு, வளர்ந்த மீனின் எடையில் 10 கிலோவுக்கு மேல் போகாதீர்கள். 20 கிலோ என்பது கைப்பழக்கம் வந்தவர்களுக்கு. கட்லா, ரோகு இவ்வளவு சின்னத் தொட்டியில் சரியாக வளராது. சூடு தாங்கும் மீன் என்றால் திலேப்பியாதான், நம் ஜிலேபி கெண்டையின் இனம். மேம்பட்ட ரகமான கிஃப்ட் திலேப்பியா வளர்க்க அனுமதி தேவை, மீன்வளத் துறையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொடுக்க வருவார்கள். அது தடை செய்யப்பட்ட மீன்.

கீரை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. இரும்புத் தொட்டியில் எப்படி என்று குழம்ப வேண்டாம், துருவிலுள்ள இரும்பை வேரால் எடுக்க முடியாது. நம் கடினத் தண்ணீருக்கு இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இரும்பு உரம் வாங்குங்கள், மலிவான இ.டி.டி.ஏ. வகை பிஎச் கூடிய தண்ணீரில் நிலைக்காது.

கடைசியாக மின்சாரம். இரும்புத் தொட்டி, ஈரத் தரை, உள்ளே 230 வோல்ட் மோட்டார். வயர் உறை ஓரிடத்தில் உரிந்தால் தொட்டி முழுக்க ஷாக் அடிக்கும். தொட்டிக்கு எர்த் கொடுத்து, அந்த இணைப்புக்கென்று தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்று எலக்ட்ரீஷியன் சொன்னாலும் விடாதீர்கள். தண்ணீருக்குள் கையை விடும் முன் சுவிட்சை அணைப்பது வீட்டில் எல்லோருக்கும் பழக வேண்டும். ஏர் பம்பை இன்வெர்ட்டரிலோ சின்ன பேட்டரியிலோ இணையுங்கள்: கோடை இரவில் மின்சாரம் சில மணி நேரம் நின்றால், நெருக்கமாக மீன் விட்ட தொட்டி காலைக்குள் காலியாகிவிடும்.