லயத்து மண்ணில் பத்துக் காசு தேடுவது

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய காசு தேடக் கிளம்பினால், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். நீங்கள் நேராகத் தோட்டத்துக்குப் போகாமல் முதலில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போங்கள். காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களம் எங்கே இருந்தது, கள்ளுக்கடை எந்தப் பக்கம், சம்பளம் எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். முந்தி முடிச்சை அவிழ்த்த இடத்தில்தான் காசு விழுந்திருக்கும்.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது பல இடங்களில் புல்டோசர் மண்ணையே புரட்டிப் போட்டுவிட்டது. அங்கே மெனக்கெடாதீர்கள். கிழட்டு மாமரம், உடைந்த சிமெண்டுக் கால்வாய், தனியாக நிற்கும் முருங்கை, இவை இருந்தால் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்த இடம். கோயில் மண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மானேஜரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது. தோண்டுவதற்கு முன்பே மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். புதைத்து வைத்த காசு பானையோடு கிடைத்தால் அங்கேதான் போய்ச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த குண்டு மாதிரி எதுவும் தென்பட்டால் தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள். இது 1948இல் தொடங்கிய கம்யூனிஸ்ட் கலகத்தின் அவசரகாலம் பார்த்த ஊர்.

சரி, கருவிக்கு வருவோம். லயத்து மண் முழுக்க ஆணி. அதனால் கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு, அதாவது காயில், சின்னதாக இருந்தால் போதும். நம் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். கிரவுண்ட் பேலன்ஸ் செய்யாவிட்டால், அதாவது மண்ணின் சத்தத்தை ஒதுக்கும்படி சரிசெய்யாவிட்டால், கருவி சும்மா புலம்பிக்கொண்டே இருக்கும். மழை பெய்த மறுநாள் போங்கள். காயிலைத் தரையை ஒட்டி, கூட்டுகிற மாதிரி மெதுவாக வீசுங்கள். சத்தம் வந்ததும் தோண்டாதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்து நின்று, குறுக்காக இன்னொரு தடவை வீசிப் பாருங்கள். காசு என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மணிச் சத்தம். ஜிங்க் கூரை ஆணி ஒரு பக்கம் இனிமையாகப் பாடும், மறுபக்கம் கரகரக்கும். எத்தனை ஆணியை நான் வெள்ளி என்று நம்பித் தோண்டியிருப்பேன்!

மண்ணை மூன்று பக்கம் வெட்டி, கதவு மாதிரித் திறந்து, வேலை முடிந்ததும் மூடி மிதித்துவிடுங்கள்.

கிடைத்தது பத்துக் காசு என்றால் வருடத்தைப் பாருங்கள். வெள்ளிக் காசு என்றால் 18 மில்லிமீட்டர் அகலம், 2.71 கிராம். 1941இல் அச்சான மலாயா காசில் முக்கால் பங்கு வெள்ளி; 1943, 1945 காசுகளில் பாதிதான். 1948இலிருந்து வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். இன்றும் நாம் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறோம், காசில் வெள்ளி போய் இத்தனை காலமாகியும்.

எனக்கு முதலில் கிடைத்தது 1927ஆம் வருடத்துப் பத்துக் காசு. பழைய குழாயடிக்குப் பக்கத்தில், ஒரு சாண் ஆழத்தில், ரப்பர் பால் பிடிக்கிற உடைந்த மங்குக்கு அடியில் கிடந்தது. ஆசையில் வீட்டுக்கு ஓடிவந்து, குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆயிற்று. ராஜாவின் மீசை மட்டும் காணாமல் போயிருந்தது. காசு வாங்குகிறவர் அதைப் பார்த்துவிட்டு, தட்டில்கூட வைக்காமல் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் குழாய்த் தண்ணீரில் மண்ணைக் கரையவிட்டு, துணியில் ஒற்றி, அப்படியே வையுங்கள். கறுப்பாக இருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும்.