தத்துக் கொடுப்பதற்கு முன் மீட்புக் குதிரையைப் பழக்குவது எப்படி?

மலைவாசத் தலம் ஒன்றில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து திரிந்து, கால் நொண்டத் தொடங்கியதும் தெருவில் விடப்பட்ட மட்டக்குதிரை ஒன்றை, தத்தெடுப்பவர் கிடைக்கும் வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. பெண் குதிரை. பல்லைப் பார்த்த மருத்துவர் ஒன்பது வயது இருக்கலாம் என்றார். நிறத்தை வைத்துச் செவலை என்று அழைத்தோம். கோவைக்கு வெளியே உள்ள எங்கள் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக மாடு வளர்த்த அனுபவம் இதற்குப் போதும் என்று நம்பினேன். முதல் மாதத்திலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. ஏழு மாதங்களில் நான் கற்றுக்கொண்டதை, முதன்முறையாக மீட்புக் குதிரையைக் கையில் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இலக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குதிரை உங்களிடம் சமர்த்தாக இருந்தால் மட்டும் போதாது. முன்பின் அறியாத ஒருவர் கயிற்றைக் கையில் எடுக்கும்போதும் அது பதறாமல் நிற்க வேண்டும். நான் இதை நான்காவது மாதத்தில்தான் உணர்ந்தேன். அதற்குள் செய்த வேலையில் பாதியை மீண்டும் செய்ய வேண்டியிருந்தது.

பழக்கத்துக்கு முன்: இரத்தம், எடை, தீவனம்

வந்த அன்றே தனித் தொழுவத்தில் கட்டி, தனி வாளி, தனிக் கயிறு கொடுங்கள். கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் மனிதருக்கும் பரவக்கூடியது. விலங்குகளின் தொற்றுநோய்களுக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. அரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான இரத்தப் பரிசோதனையைச் செய்கிறது. மாதிரியை அனுப்பும் வழியை உங்கள் கால்நடை மருத்துவர் ஏற்பாடு செய்வார். முடிவு வரும் வரை வேறு குதிரை, கழுதை எதனுடனும் சேர்க்க வேண்டாம். ரணஜன்னி, வெறிநோய்த் தடுப்பூசிகளையும் பல் பரிசோதனையையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். குடற்புழு மருந்தைச் சாணப் பரிசோதனைக்குப் பிறகு அவர் சொல்லும் நாளில் மட்டும் கொடுங்கள்.

எடை பார்க்கத் தையற்காரரின் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். செவலைக்குச் சுற்றளவு 135, நீளம் 130. ஆகவே 199 கிலோ. 1983இல் டெக்சாஸில் உருவாக்கப்பட்ட ஹென்னெக் அளவுகோல் குதிரையின் உடல்நிலைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் தருகிறது. செவலை 2இல் இருந்தது. விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம்.

எலும்பும் தோலுமாக ஒரு குதிரையைப் பார்த்ததும் நம் ஊரில் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை கொள்ளு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டே இளைத்த குதிரைக்குக் கொள்ளை நீட்டுகிறோம். நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்குத் தானியமோ பயறோ மூட்டையாகக் கிடைத்தால், உடலில் இன்சுலின் திடீரென உயர்ந்து, இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயமும் மூச்சும் தளர்ந்து, மீட்ட சில நாள்களிலேயே குதிரை இறந்துபோகக்கூடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடைப் பள்ளி பரிந்துரைக்கும் முறை இதற்கு நேர்மாறானது: முதல் மூன்று நாள்கள் காய்ந்த குதிரை மசால் (லூசர்ன் என்னும் தீவனச் செடி) மட்டும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ அரைக் கிலோ, பிறகு பத்தாம் நாள் வரை அளவைக் கூட்டி, வேளைகளைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். இது பெரிய குதிரைக்கான கணக்கு. மட்டக்குதிரைக்கு எடையைப் பார்த்து மருத்துவர் குறைப்பார். இரவு இரண்டு மணிக்கும் எழுந்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவையுங்கள்.

(பின்சேர்க்கை: பச்சைக் குதிரை மசாலை அரைக் கிலோ போட்டும் குதிரை தேறவில்லை என்று இருவர் எழுதியிருந்தனர். மேலே உள்ளது உலர்ந்த தீவனத்தின் எடை. பச்சைத் தீவனத்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். ஆகவே கணக்கை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியரை மட்டுமே நம்பவும் வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் குதிரையின் உடலுக்குச் சுண்ணாம்புச் சத்து சேராமல் தடுக்கும்.)

சும்மா உட்கார்ந்திருத்தல்

தேறத் தொடங்கும் முதல் இரண்டு வாரங்களுக்குப் பழக்கம் எதுவும் வேண்டாம். நாற்காலி ஒன்றை வேலிக்குள் போட்டுக் குதிரைக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து ஏதேனும் படியுங்கள். குதிரை தானாக வந்து முகர்ந்தால் அசையாதீர்கள். வெல்லமும் கேரட்டும் கையில் கொடுத்து நட்பாக்கிக்கொள்ளச் சொல்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. பசியில் வாடிய குதிரை கையைத் தின்பண்டமாகவே பார்க்கக் கற்றுக்கொள்ளும். பிறகு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதைத் தத்துக் கொடுக்க முடியாது. கொடுப்பதானால் வாளியில் போடுங்கள். கேரட்டை வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் கீறுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும்.

தொடுதல்: நான் சறுக்கிய இடம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். செவலையிடம் நான் இரண்டு மாதம் வீணாக்கியது இங்கேதான்.

தோள்பட்டையை நோக்கிச் சாய்வாக நடந்து செல்வேன். ஆறடி தூரத்தில் அது தலையைத் தூக்கும், காது பின்னால் போகும், ஓரடி நகரும். பாவம், பயப்படுகிறது என்று நான் உடனே பின்வாங்குவேன். இரக்கத்தோடுதான் செய்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அது இன்னும் தொலைவிலேயே தலையைத் தூக்க ஆரம்பித்தது. மூன்றாம் வாரத்தில் பதினைந்தடியிலேயே நகர்ந்துவிட்டது. பந்தயக் குதிரைகளைப் பராமரித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வேலிக்கு வெளியே நின்று பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “தம்பி, அது உங்களுக்கு நல்லாப் பழக்கம் கொடுத்துடுச்சு” என்றார்.

குதிரை பாடம் கற்பது அழுத்தம் வரும் நொடியில் அல்ல, அழுத்தம் விலகும் நொடியில். நான் நெருங்குவது அதற்கு அழுத்தம். அது நகர்ந்ததும் நான் விலகியதால், நகர்ந்தால் மனிதன் போய்விடுவான் என்பதை நானே அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

திருத்தும் முறை இது. குதிரை எத்தனை அடி தூரத்தில் தலையைத் தூக்குகிறது என்று முதலில் கவனியுங்கள். ஆறடி என்றால் ஏழாவது அடியிலேயே நின்று, அது இன்னும் அமைதியாக இருக்கும்போதே திரும்பி நடந்துவிடுங்கள். அசையாமல் நின்றதற்குப் பரிசாக மனிதன் விலகினான் என்பதே அதற்கு விளங்க வேண்டிய செய்தி. இப்படி நெருங்குவதும் விலகுவதுமாக ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை போதும். அதற்கு மேல் போனால் இருவருக்கும் எரிச்சல் வரும். எல்லையைத் தவறிக் கடந்து அது நகர்ந்துவிட்டால், துரத்தவும் வேண்டாம், ஓடி விலகவும் வேண்டாம். அதே தூரத்தில் தோளைத் தளர்த்தி நின்று, அதன் கால்கள் நிற்கும் நொடியில் விலகுங்கள். அது மூச்சடைத்து, கண் வெண்மை தெரிய, நடுங்கினால் அது பாடம் படிக்கும் நிலையில் இல்லை. அன்றைக்கு இருமடங்கு தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

கையைப் பயன்படுத்தும்போதும் இதே விதிதான். முதல் தொடுகை தோளில் இருக்கட்டும். நெற்றிக்கு நேரே கையை நீட்டுவது வேண்டாம், ஏனெனில் அங்கே அதற்குக் கண் தெரியாது. தொட்ட கையை, தலை தாழும்போதோ காது தளரும்போதோ எடுங்கள். தலையை உதறும்போது எடுத்தால் உதறுவதுதான் வழக்கமாகும். பிறகு, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தை விரல்களால் சொறிந்துகொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துவிட்டுக்கொள்ளும் இடம் அதுதான். பிரான்சின் கமார்க் குதிரைகளை வைத்து 1993இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பகுதியைச் சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதைக் காட்டியது. எனக்கு இது ஆய்வுக்கட்டுரையாக இல்லாமல் கருவியாகவே பயன்பட்டது: இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எண்ணினேன். ஓய்விலிருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. தொடக்கத்தில் 64ஆக இருந்த செவலையின் துடிப்பு 40ஐத் தொட்ட நாளில்தான் அடுத்த படிக்குப் போனேன். காதையும் வாலையும் பார்த்து ஊகிப்பதைவிட இது நம்பகமானது; விலையும் அதிகமில்லை.

தேய்த்துவிட இரும்புச் சீப்பு வாங்காதீர்கள். இளைத்த உடம்பில் அது எலும்பின் மேல் கீறும். தேங்காய் நாரே போதும்.

தலைக்கயிறு

செவலையின் வாயோரங்களில் பழைய தழும்புகள் இருந்தன. முள் வைத்த கடிவாளத்தை இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டன. ஆனாலும் மீட்கப்படும் குதிரைகளின் வாயில் அதன் அடையாளம் கிடைக்கிறது. ஆகவே கடிவாளம் பக்கமே போகாமல் தலைக்கயிற்றோடு நிறுத்திக்கொண்டேன். பருத்திக் கயிறு எனக்குப் பிடிக்கும். நைலான் கையை அறுக்கும், குதிரை பதறி இழுத்தால் அறுந்து விடுவிக்கவும் செய்யாது. கயிற்றை முதலில் தோளில் தேய்த்து, பிறகு கழுத்தில் போட்டு எடுத்து, மூக்கின் மேல் ஒரு நொடி வைத்து எடுத்து, கடைசியில் கட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அது அசையாமல் நிற்கும்போதே எடுக்க வேண்டும். முதல் நாள் கட்டியதும் அவிழ்த்துவிடுங்கள். இரவில் தலைக்கயிற்றோடு விடாதீர்கள். கிளையிலோ வேலியிலோ மாட்டிக் கழுத்து முறிந்த கதைகள் உண்டு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

நடத்திச் செல்வது இதன்பின் எளிது. கயிற்றில் லேசான இழுப்பு வைத்துக் காத்திருந்து, ஒரு கால் முன்னே வந்த அதே நொடியில் தளர்த்துங்கள். இரண்டு நாளில் புரிந்துகொள்ளும்.

கால் தூக்குதல்

லாடக்காரர் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வர வேண்டும். கால் கொடுக்காத குதிரையை யாரும் தத்தெடுக்கத் தயங்குவார்கள். மாட்டைக் கட்டிச் சாய்த்து லாடம் அடிக்கும் வழக்கத்தைக் குதிரையிடம் காட்ட அனுமதிக்காதீர்கள். மாதக்கணக்கான உழைப்பு ஒரே மணி நேரத்தில் போய்விடும். மூங்கில் கழியின் முனையில் துணி அடைத்த கையுறையைக் கட்டி, எட்டி நின்று பின்னங்காலைத் தடவப் பழக்குங்கள். உதை கழிக்குப் போகும். அது காலை உதறும்போது கழியை எடுக்காமல், கால் தரையில் அமைந்ததும் எடுங்கள். கையால் தூக்கும் கட்டம் வந்ததும், முதலில் இரண்டு நொடி தூக்கி, அது இழுக்கும் முன்பே நீங்களே மெதுவாகக் கீழே வையுங்கள்.

என்னிடமிருந்து பிரித்தல்

நான்காவது மாதம் ஒரு குடும்பம் பார்க்க வந்தது. எனக்கு ஆட்டுக்குட்டிபோல நடந்த செவலை, அவர்கள் கையில் கயிறு மாறியதும் வேலியோரம் பதுங்கிவிட்டது. அவர்கள் போய்விட்டார்கள். குதிரை பழகியிருந்தது என்னுடைய நடைக்கும் என்னுடைய நீலச் சட்டைக்கும்தான்.

அதன்பின் வாரத்துக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா, பால்காரர், என் மாமனார், கல்லூரி மாணவர் இருவர். ஒவ்வொருவரும் பிடித்து, தலைக்கயிறு கட்டி, இருபதடி நடத்தி, ஒரு காலைத் தூக்கி, அவிழ்த்துவிட வேண்டும். நான் வேலிக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நிற்பேன். தொப்பி, குடை, மழைக்கோட்டு, சேலை, பைக் ஹெல்மெட் என்று தோற்றங்களையும் மாற்றினோம். மாமனாரின் வேட்டி காற்றில் படபடத்தபோது பழைய பயம் முழுதாகத் திரும்பியதால், வேட்டிக்கு மட்டும் ஒரு வாரம் செலவானது.

வண்டியில் ஏற்றும் பழக்கத்தைத் தத்து நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள். மினி லாரியை மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தி, தளத்தில் மணலும் வைக்கோலும் பரப்பி, பத்து நாளும் தீவனத்தை அதன் உள்ளேயே வைத்தோம். முதல் நாள் முன்னங்கால் மட்டும் ஏறியது. அது பின்வாங்க நினைக்கும் முன் நானே இறக்கிவிட்டேன். கடைசி இரண்டு நாள் மட்டும் வண்டியை ஓட்டிப் பார்த்தோம்.

தத்தெடுப்பவரைக் குறைந்தது மூன்று முறை வரச் சொல்லுங்கள். மூன்றாம் முறை தொடக்கம் முதல் இறுதி வரை அவரே செய்யட்டும். குதிரை தனியாக வாழும் விலங்கு அன்று. அவரிடம் வேறு குதிரையோ கழுதையோ இல்லையென்றால் நான் கொடுக்க மாட்டேன். செவலை போன இடத்தில் ஏற்கெனவே ஒரு கிழக் குதிரை இருந்தது.

கூடவே ஒரு தாளும் கொடுத்தேன்: தீவன அளவு, தடுப்பூசித் தேதிகள், கடைசியாகக் குளம்பு சீவிய நாள், எந்தப் பக்கமிருந்து நெருங்கினால் அமைதியாக இருக்கும், எங்கே சொறிந்தால் பிடிக்கும், என்ன சொல்லி நடத்துவோம், என்ன சொல்லி நிறுத்துவோம்.

(பின்சேர்க்கை: ‘கட்டி வைத்தால் நிற்கிறது, திறந்தவெளியில் பிடிக்க முடியவில்லை’ என்று பலர் கேட்டுள்ளனர். பிடித்தாலே வேலை என்று அது கணக்குப் போட்டுவிட்டது. பத்து முறை பிடித்தால் எட்டு முறை சொறிந்துகொடுத்து அங்கேயே அவிழ்த்துவிடுங்கள். செவலைக்கு இந்தக் கணக்கு மாற மூன்று வாரம் ஆயிற்று.)