தொடையிடுக்கில் நெறி கட்டியபோது

போன மழைக்காலத்தில் வலது தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, நடந்தாலே இழுத்துப் பிடித்தது. பயந்துபோய் அதையே நாள் முழுக்க அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது தப்பு, வலிதான் கூடியது. அம்மாதான் "நெறி கட்டியிருக்கு, காலைக் காட்டு" என்றார். பார்த்தால் சுண்டுவிரல் இடுக்கில் சேற்றுப்புண், தோல் வெள்ளையாக ஊறி வெடித்திருந்தது. காலிலிருந்து ஏறும் கிருமியை அங்கே இருக்கும் நிணநீர்க் கணு மறித்துப் போராடுகிறது, வீக்கம் அதனால்தான் என்றார் டாக்டர். பூஞ்சைக்குக் களிம்பு, சீழ் பிடித்திருந்ததால் 5 நாள் மாத்திரை. அப்புறம் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்தே வைத்தேன். வலி 3 நாளில் போனது, கட்டி முழுசாகக் கரைய 2 வாரத்துக்கு மேல் ஆனது. வலியே இல்லாமல் கல் மாதிரி இறுகி வளர்ந்தாலோ, எடை குறைந்தாலோ, இரவில் வியர்த்துக் கொட்டினாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்.