பல வருடம் கழித்து வீணையைத் திரும்ப எடுக்கிறீர்களா? முதலில் மெழுகைப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து டவுன்களில், அலமாரி மேலேயோ கட்டிலுக்குப் பக்கத்திலேயோ பழைய போர்வை சுற்றிய வீணை ஒன்று படுத்திருக்கும் வீடுகள் உண்டு. கதை பெரும்பாலும் ஒன்றுதான். சின்ன வயதில் கோயில் மண்டபத்தில் வகுப்பு, ஐந்தாம் படிவம் வந்ததும் எஸ்.பி.எம். பரீட்சை என்று நிறுத்தியது, அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள். திரும்ப எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயலின்காரர்களுக்கும் பாதி பொருந்தும், ஆனால் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் அதிகம் அடிவாங்குவது வீணைதான், அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதல் நாளே உறையைப் பிரித்து, கம்பியை முறுக்கி, கடைசியாகப் படித்த வர்ணம் என்ற பெரிய பாடத்தை எடுத்துவிடுகிறார்கள். காது கூசும். எல்லாம் மறந்துபோச்சு என்று மறுபடி போர்வையைச் சுற்றி வைத்துவிடுகிறார்கள். மறக்கவில்லை, சத்தம் தப்பு என்று காது கண்டுபிடிக்கிறதே, அது போதாதா? தப்பில் பாதி விரலுடையது, மீதி வீணையுடையது. எது எதனால் வருகிறது என்று தெரியாமல் வாசித்தால் எல்லாப் பழியும் உங்கள் தலையில்தான் விழும். எனவே முதல் ஒரு வாரம் வாசிக்கவே வேண்டாம், வீணையைச் சரிபாருங்கள்.

பெரிய விஷயம் மெழுகு. விரல் வைத்து ஸ்வரம் எடுக்கும் வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அடித்தவை இல்லை, தேன்மெழுகும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகின் மேல் பதிந்து உட்கார்ந்திருப்பவை. தேன்மெழுகு உருக 62, 64 டிகிரி ஆகும் என்றாலும், 35 டிகிரி பக்கம் போனாலே இளக ஆரம்பித்துவிடும், தகரக் கூரை வீட்டில் மழை இல்லாத மத்தியானத்தில் அந்தச் சூடு சாதாரணம். வருடக்கணக்கில் இளகி இறுகி இளகி இறுகி, ஏதாவது ஒரு மெட்டு ஒரு ஓரத்தில் மயிரிழை இறங்கியிருக்கும், அல்லது நகர்ந்திருக்கும், அல்லது மெழுகே காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மயிரிழை காதுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் மெட்டுகளைச் சோதிக்கக் கம்பி நன்றாக இருக்க வேண்டும். பழைய கம்பியில் துரு பிடித்திருந்தால் தயவுசெய்து அதில் ஆரம்பப் பாடமான சரளி வரிசைகூட வாசிக்காதீர்கள், விரலை அறுப்பதோடு மெட்டின் தலையையும் தேய்த்துவிடும். ஏழு கம்பிகளையும் மாற்றிவிடுங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் நாதம் ஒட்டாது. மாற்றும்போது ஏழையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம், கம்பிகளைத் தாங்கும் குதிரை அவற்றின் அழுத்தத்தில்தான் நிற்கிறது, அழுத்தம் போனால் இடம் மாறும், சாய்ந்தும் விழும். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, லேசாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கம்பி வாங்க ஈப்போவுக்கோ கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கோ போவதாக இருந்தால் பழைய கம்பி ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, எது சாரணி (முதல் கம்பி), எது மந்தரம் (மூன்றாவது) என்று பேர் எழுதி எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட இது சுலபம்.

கம்பியை முறுக்கும் பிரடை இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கும். ஈரத்தில் ஊதி இறுகிவிட்டதென்றால் இடுக்கியை எடுக்காதீர்கள், உடைந்துவிடும். ஏர்கான் போட்ட அறையில் சில மணி நேரம் வைத்தால் ஈரம் குறைந்து தானாக இளகும் (நாள்கணக்கில் வைக்க வேண்டாம், மரம் வெடிக்கும்). வழுக்கிக்கொண்டே போனால் பிரடையைக் கழற்றி, துளைக்குள் போகும் பாகத்தில் சாக்பீஸ் தேய்த்து மாட்டுங்கள். எண்ணெய் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது. வலது பக்கத்துப் பெரிய மரக் குடத்தின் அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கொட்டியிருந்தால் வண்டு துளைக்கிறது என்று அர்த்தம், அதற்கு முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். இடது பக்கத்துச் சுரைக்காயில் சின்ன விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் குடத்தில் விரிசல் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சுருதியை எடுத்தவுடன் பழைய இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முன்பு மூன்று கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரம்) வாசித்தவர் முதல் சில வாரங்கள் இரண்டு கட்டையில் வைத்துக்கொள்ளலாம். வீணையின் தண்டி என்ற நீண்ட கழுத்துக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது. புதுக் கம்பி ஒரு வாரமாவது இறங்கிக்கொண்டே இருக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இப்போது மெட்டுகள். தாளத்துக்காகப் பக்கத்தில் ஓடும் தாளக் கம்பிகள் மூன்றும் ஸ, ப, மேல் ஸ என்று சுத்தமாகச் சேர்ந்திருக்கட்டும். சாரணியில் 7ஆவது மெட்டை மீட்டினால் நடுத் தாளக் கம்பியின் பஞ்சமத்தோடு (ப) சேர வேண்டும், 12ஆவது மெட்டு மேல் ஸவோடு. சாரணிக்கு அடுத்த பஞ்சமக் கம்பியில் 5ஆவது மெட்டு வெறும் சாரணியோடு சேர வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் சேரவில்லை என்றால் மெட்டு நகர்ந்திருக்கிறது. மேலே போகப் போக எல்லாமே ஒரே பக்கம் விலகினால் மெட்டுகளைக் குறை சொல்லாதீர்கள், குதிரைதான் இடம் மாறியிருக்கிறது. 12ஆவது மெட்டு மேல் ஸவைவிட ஏறிக் கேட்டால், கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, குதிரையை, கம்பிகள் கட்டியிருக்கும் நாகபாசம் பக்கமாக ஒரு துளி நகர்த்துங்கள், இறங்கிக் கேட்டால் எதிர்ப்பக்கம். ஒரு மெட்டில் வைக்கும்போது மட்டும் ஜர்ரென்று அதிர்ந்தால் அது இறங்கியிருக்கும், இல்லையென்றால் குதிரைப் பக்கத்து அடுத்த மெட்டு தூக்கியிருக்கும்.

சூடான கரண்டி வைத்து மெட்டை நீங்களே சரிபண்ணும் ஆசை வரும். என் அபிப்பிராயம், வேண்டாம். ஒன்றைச் சரிசெய்யப் போய்ப் பக்கத்து மெட்டு இறங்கும், அதைத் தொட்டால் அடுத்தது. நான்கைந்துக்கு மேல் விலகியிருந்தால் முழுசாக மேளம் கட்டத்தான் (மெழுகில் எல்லா மெட்டுகளையும் புதிதாகப் பதிக்க) வேண்டும், அது வீணைக்கு இயல்பாக வரும் பராமரிப்பு, வீணை கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. மேளம் கட்டத் தெரிந்தவர்கள் யார் என்பது கடைகளைவிட வீணை ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். ஈப்போ ஆசிரியர்களைக் கேளுங்கள், அல்லது 1981இலிருந்து கோலாலம்பூரில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் விசாரியுங்கள். எத்தனை வெள்ளி, எத்தனை நாள் என்று போனிலேயே பேசிவிட்டுக் கொண்டுபோங்கள். இதற்குப் பதிலாகப் புது வீணையே வாங்கிவிடலாமே என்று வீட்டில் சொல்வார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல வீணைதான், மறுக்கவில்லை. ஆனால் குடம் முழுசாக இருக்கும் பழைய பலாமர வீணையை விட்டுவிட்டு, நம் ஊர் ஈரத்துக்கு இன்னும் பழகாத மரத்தை வாங்குவானேன்?

வீணை தயார், இனி நீங்கள். சப்பணமிட்டு உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று? இடது தொடையில் சுரைக்காய், வலது பக்கம் தரையில் குடம் என்று அரை மணி நேரம் உட்கார முழங்கால் சம்மதிக்காவிட்டால், மடித்த போர்வையை இடுப்புக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள். இடது கை ஆள்காட்டி, நடு விரல்களின் நுனியில் முன்பு இருந்த காய்ப்பு இப்போது மறைந்திருக்கும், திரும்ப வரச் சில வாரம் எடுக்கும். காலையில் பத்து நிமிடம், ராத்திரி பத்து நிமிடம் என்று ஆரம்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு மீதி நாள் கொப்புளத்தோடு திரிவதில் பயனில்லை. பக்கத்தில் ஒரு சின்ன மூடியில் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சு இருக்கட்டும், விரல் வழுக்கிப் போகும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் விரல் எரிய ஆரம்பித்ததுமே நிறுத்திவிடுங்கள், கொப்புளம் வரை போக வேண்டாம். வலது கையில் நகம் வளர்க்க முடியாத வேலை என்றால், தொழிற்சாலையோ செம்பனைத் தோட்டமோ, நகத்துக்குப் பதிலாக விரலில் கம்பி மீட்டு மாட்டிக்கொள்ளுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முதலில் கெட்டுப்போவது வலது சுண்டுவிரல்தான். தாளக் கம்பியை அது மேல்நோக்கித் தட்டும் தட்டு ஒழுங்காக விழவில்லை என்றால் மேலே எது வாசித்தாலும் ஆடும். வெறும் தாளக் கம்பியை மட்டும் ஆதி தாளத்தில் தட்டிப் பழகுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இனி பாடம். சரளி வரிசையிலிருந்தே தொடங்குங்கள், வர்ணம் வாசித்தவர்களுக்கும் இதுதான். இந்தப் பயிற்சிகளை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு, அவர் வீணைக்காரர்களை நினைத்து அமைத்தாரோ என்னவோ, நமக்கு நன்றாகப் பொருந்துகிறது. சாரணியில் அந்த ராகத்தின் ஸ்வரங்கள் விழும் மெட்டுகள் 1, 4, 5, 7, 8, 11, 12. ஒட்டி ஒரு அடி, தாண்டி ஒரு அடி என்று மாறி மாறி வருவதால், மேலே போகப் போக மெட்டு இடைவெளி குறைவதையும் சேர்த்து, தூரத்தை விரல் திரும்பக் கற்றுக்கொள்கிறது. மெதுவான முதல் காலத்திலேயே பல நாள் இருங்கள், ஒவ்வொரு வரியையும் வாயால் பாடிவிட்டு வாசியுங்கள். காது முன்னால் போய் வழிகாட்டும், விரல் பின்னாலேயே வரும். அப்புறம் ஜண்டை, அலங்காரம் என்ற பயிற்சிகள், மலஹரி ராகத்துக் கீதங்கள், அதன் பிறகு மோகனம், ஹம்ஸத்வனி ராகங்கள். கம்பியை இழுத்து ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரம் எடுக்கும் கமகம் காய்ப்பு வந்த பிறகுதான், தோடியும் பைரவியும் இன்னும் தள்ளியே இருக்கட்டும். சுருதிக்குப் போனில் தம்புரா செயலி ஒன்று போதும்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது சுருதி கேட்காது, அந்த நேரத்தில் ஸ்வரம் பிடிக்க முயல வேண்டாம், மீட்டுப் பயிற்சியும் தாளமும் மட்டும் பாருங்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான், பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குபவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வீணை சத்தமான வாத்தியம் இல்லை, இருந்தாலும் சரளி வரிசையை நாற்பது தடவை கேட்பது யாருக்கும் கஷ்டம்தான்.

பழைய நோட்டுப் புத்தகம் கிடைத்தால், பூச்சி அரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஆசிரியர் இன்னும் இருந்தால் போய்ப் பாருங்கள், வாசித்துக் காட்டத் தயார் ஆகிவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போட வேண்டாம். தூரத்தில் இருந்தால் வீடியோ அழைப்பில் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கப் பார்க்காதீர்கள், சத்தம் தாமதமாக வரும், தாளம் நிற்காது. இரண்டு நிமிடம் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, திருத்தம் கேட்பது மேல். விஜயதசமிக்குத்தான் தொடங்குவேன் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அதுவரை வீணையைச் சரிபார்த்து வைப்பதில் தடை ஒன்றும் இல்லையே.

நீங்கள் திரும்ப வாசிப்பது தெரிந்ததும் கோயில் நவராத்திரிக்குக் கூப்பிடுவார்கள். கீதம் இரண்டு சுத்தமாக வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள், வர்ணத்துக்கு அடுத்த வருடம் பார்க்கலாம். கொண்டுபோகும்போது வீணையைக் கார் பின்சீட்டில் குடத்துக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள், புதிதாகக் கட்டிய மேளமென்றால் இன்னும் கவனம். கோயிலில் மின்விசிறிக்கு அடியிலும் விளக்குக்குப் பக்கத்திலும் இல்லாத இடமாகப் பார்த்து வைத்து, வாசிப்பதற்கு அரை மணி முன்பே போய்ச் சுருதி சேர்த்துவிடுங்கள், கூட்டம் சேர்ந்துவிட்டால் தாளக் கம்பி காதில் விழாது.