அப்டேட் முடிந்ததும் பிரிண்டரும் மற்ற கணினிகளும் தெரியவில்லையா? வீட்டு நெட்வொர்க்கைச் சரிசெய்யும் முறை

பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் கீழே கடை, மேலே வீடு என்று அமைந்த கட்டடங்கள் நிறைய உண்டு. கடைக் கணினியில் பில்லும் கணக்கும், மாடியில் பிள்ளைகளின் லேப்டாப்பும், இரண்டுக்கும் பொதுவாக ஒரு வைஃபை பிரிண்டரும் இருக்கும். ஒரு நாள் இரவு விண்டோஸ் அப்டேட் ஆகிறது. மறுநாள் காலையில் இன்டர்நெட் வழக்கம்போல் வருகிறது, ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘நெட்வொர்க்’ என்ற இடத்தைத் திறந்தால் ஒன்றுமே தெரிவதில்லை. இந்த நிலையில் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டவோ, விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவவோ வேண்டியதில்லை. கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் செய்து பாருங்கள். மெனுப் பெயர்களை விண்டோஸ் 11-இல் உள்ளபடி தந்திருக்கிறேன். விண்டோஸ் 10-இல் அவற்றின் இடம் சற்று மாறினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நெட்வொர்க்கில் ஒரு சாதனம் ‘தெரிவது’ வேறு. அந்தச் சாதனத்தை ‘எட்ட முடிவது’ வேறு. தெரு முனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் குரல் வரும் வீட்டைக் கண்டுகொள்வது ஒரு முறை. கதவு எண் தெரிந்து நேராகப் போய்த் தட்டுவது இன்னொரு முறை. விண்டோஸ் முதலில் சொன்ன முறைப்படி, யூடிபி 3702, யூடிபி 1900 ஆகிய போர்ட்கள் (தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசல்கள்) வழியே வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களையும் நோக்கிக் குரல் கொடுத்து, பதில் தந்தவற்றை மட்டும் பட்டியலிடுகிறது. ஃபைல்களைப் பகிரும் வேலையோ டிசிபி 445 என்னும் வேறொரு போர்ட்டில் நடக்கிறது. ஆகவே பட்டியல் வெறுமையாக இருந்தாலும் ஃபைல் பகிர்வு நல்ல நிலையில் இருக்கலாம். எது பழுது என்று முதலில் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்

கணினியை ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி போடுவது போதாது. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்னும் வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் அமைப்பின் ஒரு பகுதி சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப வரும். ஆகவே ‘ரீஸ்டார்ட்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். ரவுட்டரையும் பிரிண்டரையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

படி 2: எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் உள்ளனவா?

‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் & இன்டர்நெட்’, ‘வைஃபை’ என்று சென்று, இணைந்திருக்கும் வைஃபையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தைத் திறந்தால், கீழ்ப்பகுதியில் ஐபிவி4 முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் கதவு எண்) இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிண்டரின் முகவரியை அதன் சிறு திரையில் உள்ள நெட்வொர்க் பகுதியிலோ, அது அச்சிட்டுத் தரும் நெட்வொர்க் அறிக்கையிலோ காணலாம். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் எல்லாச் சாதனங்களுக்கும் ஒன்றாகவே இருக்கும். கடைசி எண் மட்டும் மாறும்.

ஒன்றின் முகவரி 192.168.1 என்றும் மற்றொன்றின் முகவரி 192.168.0 என்றும் தொடங்கினால், வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்குகள் ஓடுகின்றன என்று பொருள். நம் பகுதியின் நீண்டு ஒடுங்கிய வீடுகளில் முன்கட்டில் வைத்த ரவுட்டரின் சிக்னல் பின்கட்டுக்கும் மாடிக்கும் எட்டாததால், இணைப்பு தருபவர் வைத்துப்போன கருவியோடு இரண்டாவதாக ஒரு ரவுட்டரையும் வாங்கி மாட்டுகிறோம். அப்டேட்டுக்குப் பின் ரீஸ்டார்ட் ஆகும்போது லேப்டாப் பழைய வைஃபையை விட்டு மற்றொன்றில் போய் இணைந்திருக்கலாம். லேப்டாப்பைப் பிரிண்டர் உள்ள வைஃபைக்கே மாற்றுவது உடனடித் தீர்வு. இரண்டாவது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையைத் தேர்ந்தெடுத்தால், இரண்டும் ஒரே நெட்வொர்க்காகி நிரந்தரத் தீர்வு கிடைக்கும். விருந்தினருக்காக வைத்திருக்கும் ‘கெஸ்ட்’ வைஃபையில் இணைந்திருந்தாலும் மற்ற சாதனங்கள் தெரியாது. அது அவ்வாறு மறைப்பதற்காகவே உருவாக்கப்பட்டது.

படி 3: ‘ப்ரைவேட்’ என்று மாற்றுங்கள்

முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தின் மேற்பகுதியில் ‘பப்ளிக் நெட்வொர்க்’, ‘ப்ரைவேட் நெட்வொர்க்’ என இரு தேர்வுகள் உண்டு. அப்டேட்டுக்குப் பின் உங்கள் வைஃபை பப்ளிக் என்று மாறியிருந்தால், ரயில் நிலைய வைஃபையில் இருப்பதுபோல் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். வீட்டு வைஃபைக்கு ப்ரைவேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் ‘நெட்வொர்க் & இன்டர்நெட்’, ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’, ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ என்று சென்று, ப்ரைவேட் பகுதியில் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ ஆகிய இரண்டையும் ஆன் செய்யுங்கள். மற்றக் கணினியிலும் இதையே செய்ய வேண்டும்.

படி 4: முகவரியைக் கொண்டு நேராகத் தட்டிப் பாருங்கள்

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல், இரண்டு பின்சாய்வுக் கோடுகளை அடுத்து மற்றக் கணினியின் முகவரியை இட்டு என்டர் தட்டுங்கள். பிரிண்டராக இருந்தால் பிரவுசரில் அதன் முகவரியை மட்டும் இட்டால் போதும். பல வைஃபை பிரிண்டர்கள் தம் அமைப்புப் பக்கத்தைக் காட்டும். திறந்தால் படி 5-க்குச் செல்லுங்கள். பிழைச் செய்தி வந்தால் படி 6-க்குச் செல்லுங்கள்.

படி 5: சர்வீஸ்களைப் பாருங்கள்

சர்வீஸ்கள் என்பவை விண்டோஸின் பின்னணியில் ஓடும் சிறு நிரல்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்தால் அவற்றின் நீண்ட பட்டியல் வரும். அதில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ப்ரொவைடர் ஹோஸ்ட்’, ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்னும் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். முன்னது உங்கள் கணினி மற்றவற்றைக் காண உதவுவது. பின்னது உங்கள் கணினியை மற்றவை காணும்படி அறிவிப்பது. கடைக் கணினியிலிருந்து பார்த்தால் மாடி லேப்டாப் தெரிகிறது, லேப்டாப்பிலிருந்து பார்த்தால் கடைக் கணினி தெரியவில்லை என்றால், கடைக் கணினியின் பப்ளிகேஷன் சர்வீஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நின்றுபோயிருந்தால் இருமுறை கிளிக் செய்து, ‘ஸ்டார்ட்டப் டைப்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக் (டிலேயிட் ஸ்டார்ட்)’ என்று மாற்றி, ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்துங்கள். ‘எஸ்எஸ்டிபி டிஸ்கவரி’ என்னும் சர்வீஸும் ஓடுகிறதா என்று பாருங்கள். பட்டியல் நிரம்பச் சிறிது நேரம் ஆகலாம், பொறுத்திருங்கள்.

படி 6: முகவரி இட்டும் திறக்கவில்லை என்றால்

80070035 என்று முடியும் பிழை எண் வந்தால், அந்தச் சாதனத்தின் பகிர்வை எட்ட முடியவில்லை என்று பொருள். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால், அதன் ஃபயர்வாலிலும் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவல்) உங்கள் வைஃபையை நம்பகமான நெட்வொர்க்காகக் குறிக்க வேண்டும். விண்டோஸில் மாற்றியது அதற்குத் தெரியாமல் இருக்கலாம்.

‘கெஸ்ட்’ அணுகல் தடுக்கப்பட்டது என்று செய்தி வந்தால், அது பழுதன்று, திட்டமிட்ட மாற்றம். 2024-இல் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட், ப்ரோ பதிப்பில், பாஸ்வேர்டு இல்லாமல் ஃபோல்டர்களைத் திறக்கும் பழைய வழியை அடைத்துவிட்டது. ரவுட்டரின் யூஎஸ்பியில் செருகிய ஹார்ட் டிஸ்க்கை இதுவரை பாஸ்வேர்டின்றித் திறந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அந்தச் சாதனத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒரு பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் உருவாக்கி, விண்டோஸ் கேட்கும்போது அவற்றைக் கொடுத்து, நினைவில் வைக்கும்படி குறியிடுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் ‘எஸ்எம்பி 1’ என்னும் பழைய ஃபைல் பகிர்வு வசதியை ஆன் செய்யச் சொல்வார்கள். ஃபயர்வாலை முழுவதுமாக அணைக்கவும் சொல்வார்கள். இரண்டையும் செய்யாதீர்கள் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட ‘வான்னாக்ரை’ அந்தப் பழைய வசதியின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் மைக்ரோசாஃப்ட் அதைப் புதிய நிறுவல்களிலிருந்து விலக்கத் தொடங்கியது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் நம் வைஃபை அடுத்த வீட்டுக் கூடத்திலும் கிடைக்கும். ஒருவரிடமிருந்து ஒருவராகப் பாஸ்வேர்டும் கைமாறியிருக்கும். கடைக் கணக்கு முழுவதும் இருக்கும் கணினிக்கு ஃபயர்வால் கட்டாயம் வேண்டும். எஸ்எம்பி 1 இல்லாமல் இயங்காத ரவுட்டராக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கணினியில் செருகி அங்கிருந்து பகிருங்கள்.

படி 7: பிரிண்டரின் முகவரியை நிலைப்படுத்துங்கள்

ரவுட்டரை அணைத்துப் போடும்போது பிரிண்டருக்கு வேறு முகவரி கிடைத்துவிட்டால், விண்டோஸ் பழைய முகவரியிலேயே தேடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘டிஎச்சிபி ரிசர்வேஷன்’ அல்லது ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற பகுதியில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, அதற்கென ஒரு முகவரியை ஒதுக்குங்கள். பின்னர் விண்டோஸில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு, ‘ஆட் டிவைஸ்’, ‘ஆட் மேனுவலி’ என்று சென்று, ஐபி முகவரி வழியாகச் சேர்க்கும் தேர்வில் அந்த எண்ணை இடுங்கள். இவ்வாறு சேர்த்த பிரிண்டர் நெட்வொர்க் பட்டியலை நம்பியிராது; அடுத்த அப்டேட்டில் டிஸ்கவரி மறுபடி நின்றுபோனாலும் கடையில் பில் அச்சாகும்.