தேன் மூடியில் 'மார்த்தாண்டம்': வளைவில் தமிழ் எழுத்தைச் சீராக அமர்த்துவது

மாசி, பங்குனியில் ரப்பர் தளிர்க்கும், தேனெடுப்பும் அப்போதுதான். மார்த்தாண்டத்தில் இருக்கும் என் டிடிபி கடைக்கு அந்த இரண்டு மாதமும் தேன் லேபிள் வேலை வந்துகொண்டே இருக்கும். பாட்டிலைச் சுற்றும் நீள லேபிள் எளிது. மூடியில் ஒட்டும் வட்ட ஸ்டிக்கருக்குத்தான் பொறுமை வேண்டும். மேலே வளைவாக 'மார்த்தாண்டம்', கீழே 'சுத்தமான தேன்'. கோரல்டிரா மென்பொருளில் ஃபிட் டெக்ஸ்ட் டு பாத் கொடுத்தால் வரி ஒரு நொடியில் வளைந்துவிடும். ஆனால் சீராக இருக்காது.

எங்கள் மாமா குளச்சலில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதியவர். வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தின் வளைவில் ஸ்கேல் வைக்காமல் எழுதுவார். "எழுத்தப் பாக்காத மக்ளே, எழுத்துக்கு இடையில கெடக்குத வெள்ளையப் பாரு" என்பார். கம்ப்யூட்டரிலும் நான் செய்வது அதைத்தான்.

63 மி.மீ. மூடிக்கு 60 மி.மீ. ஸ்டிக்கர், அதாவது 30 மி.மீ. ஆரம் என்று வையுங்கள். எழுத்தின் அடி 20 மி.மீ. ஆரத்தில், தலை 26-இல். மிச்சம் 4 மி.மீ. புள்ளிக்கும் வெட்டுக்கும். வளைவது வரிதான்; தனி எழுத்து வளையாது, கட்டையாகத் திரும்ப மட்டும் செய்யும். அதனால் 6 மி.மீ. அகல எழுத்துகளுக்கு அடியில் 1 மி.மீ. இடைவெளி விட்டால் தலையில் அது 3 மி.மீ. ஆகிவிடும். எழுத்து அகலமாக அகலமாக இந்த விரிசலும் கூடும். 'ண்' பக்கத்தில் பல் விழுந்தது போலத் தெரிவது இதனால்தான்.

கீழ் வளைவில் எல்லாம் தலைகீழ். அங்கே அடிதான் 26 ஆரத்தில் நிற்கும், தலை 20-க்குள் நெருங்கும். அதே 1 மி.மீ. கொடுத்தால் தலைகள் ஒன்றோடொன்று முட்டி ஏறிவிடும். குறைந்தது 2.5 மி.மீ. வேண்டும். மேல் வரியின் இடைவெளியை அப்படியே கீழ் வரிக்கும் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். மொத்த வரிக்கும் இடைவெளியைக் கூட்டினால் 'தே'யின் கொம்பு தனியாக, 'மா'வின் கால் தனியாக விலகிப் போகும். பழைய ஃபான்டுகளில் புள்ளிகூட இடம் மாறி நிற்கும். அதனால் நான் வரியாக டைப் செய்வதே இல்லை. மா, ர், த், தா, ண், ட, ம் என்று ஏழு தனி டெக்ஸ்ட். ஒவ்வொன்றையும் வட்டத்தின் உச்சியில் நேராக வைத்து, சுழலும் மையத்தை வட்டத்தின் மையத்துக்கு இழுத்துவிட்டு, டிகிரி கொடுத்துத் திருப்புவேன். 20 மி.மீ. ஆரத்தில் ஒரு டிகிரிக்கு 0.35 மி.மீ. நகரும், அரை டிகிரி மாற்றமே கண்ணுக்குத் தெரியும்.

முதலில் 'ட', 'ம்' இரண்டையும் பாருங்கள். 'ட'வின் வலது மேல்பக்கம் வெறும் வெளி. அதோடு வளைவின் விரிசலும் சேர்ந்து அங்கே பெரிய ஓட்டை விழும். 'ம்'மை 'ட'வின் அடிக்கோட்டை ஏறக்குறைய தொடும் அளவுக்கு நெருக்குங்கள். 'ண்'ணும் 'ட'வும் சேரும் இடத்தில் இரண்டு நிமிர்ந்த கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். அங்கே கொஞ்சம் தளர்வாக விடுங்கள். 'ண்' அகலமானதால் அதன் இரு ஓரமும் வட்டத்தைவிட்டு அரை மி.மீ. எழும்பி நிற்கும். மையத்தை நோக்கி 0.2 அல்லது 0.3 மி.மீ. இறக்கினால் சரியாகும்.

'மா', 'தா' இரண்டும் இன்னும் அகலம். அவற்றை மட்டும் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, காலைத் தனியே பிரித்துச் சற்றுச் சாய்ப்பேன். ஆனால் எழுத்துக்கும் காலுக்கும் உள்ள நெருக்கம் மாறக் கூடாது. மாறினால் படிப்பவருக்கு 'ம', 'ர' என்று இரண்டு எழுத்தாகத் தெரியும். கீழ் வரியில் 'சு'வின் வால் வெளிப்பக்கம் நீளும். அது வெட்டுக் கோட்டைத் தொடாமல் பாருங்கள். 'த்'தின் புள்ளி அடுத்த 'த'வின் தலையில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவு கைவேலைக்கு நேரமில்லையா? இல்லஸ்ட்ரேட்டரில் டைப் ஆன் எ பாத் ஆப்ஷன்ஸைத் திறந்து, அலைன் டு பாத் என்ற இடத்தில் சென்டர் வையுங்கள். கோடு எழுத்தின் நடுவில் ஓடும்; பாதி விரியும், பாதி நெருங்கும், கண்ணுக்குச் சமமாகப் படும். அதே பெட்டியில் ஸ்பேசிங்கைக் கூட்டினால் வளைவில் விரிந்த இடைவெளி இறுகும். இலவசமாக வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளுக்கு நடுவே கர்சரை வைத்து ஆல்ட்டோடு அம்புக்குறியை அழுத்தி நகர்த்தலாம்.

கோவில் கொடை, பள்ளித் திருவிழா ஆர்ச்சுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. 3 மீட்டர் ஆரத்தில் 15 செ.மீ. எழுத்து என்றால் தலைக்கும் அடிக்கும் 5 சதவீதம்தான் வித்தியாசம்.

பிரின்டுக்கு அனுப்பும் முன் ஒரிஜினல் சைஸில் ஒன்று எடுத்து, வெட்டி, மூடியிலேயே ஒட்டிப் பாருங்கள். பாட்டிலைக் கையில் மெல்லச் சுற்றுங்கள். எழுத்து தலைகீழாக வரும்போது வாசிக்கத் தோன்றாது, வெள்ளை மட்டும் தெரியும். எங்கே கண் நிற்கிறதோ அந்த இடத்தில் அரை டிகிரி திருத்துங்கள்.