பங்குக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். இரண்டு சென்ட் மனை வாங்க வருகிறவரிடம்கூட தாய்ப்பத்திரம் எங்கே, பட்டா யார் பெயரில், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டீர்களா என்று கேட்காமல் பேனாவைத் தொட மாட்டேன். அப்படிப்பட்ட நான், 2018இல் டீக்கடைப் பேச்சைக் கேட்டு ஒரு கம்பெனியின் பங்குகளை எண்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். பதினான்கு மாதத்தில் அது பதினோராயிரம் ஆனது. கம்பெனியின் பெயர் வேண்டாம். அதை நடத்தியவர்கள் தங்கள் பங்கில் முக்கால்வாசியை அடமானம் வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எழுதியும் கொடுத்திருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

எழுதிக்கொடுத்த அந்தத் தாளுக்கு ‘ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்’ என்று பெயர். யார் யார் எவ்வளவு பங்கு வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு அது. காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள், பங்குச் சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும் அதைச் சந்தைக்குத் தர வேண்டும். என்.எஸ்.இ. அல்லது பி.எஸ்.இ. இணையதளத்தில் கம்பெனியின் பெயரைத் தட்டினால் காசில்லாமல் கிடைக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்துக் கிடப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

முதல் பக்கச் சுருக்கத்தோடு நிற்காதீர்கள். நேராகப் புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்து நடத்துகிறவர்களின் அட்டவணைக்குப் போங்கள். குடும்பக் கம்பெனியாக இருந்தால் அப்பா, மகன், மருமகள், கூட்டுக் குடும்பம், டிரஸ்ட், அவர்களுடைய சின்னச் சின்ன பிரைவேட் லிமிடெட்கள் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். கூட்டுப்பட்டா பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அப்பா பெயரில் குறைந்து மகன் பெயரில் ஏறியிருந்தால் பதற வேண்டாம். எங்கள் தொழிலில் அது தான செட்டில்மெண்ட். மொத்தம் குறைந்திருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

அப்போதும் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் பங்குகளின் எண்ணிக்கையைப் போன காலாண்டோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை அப்படியே இருந்து சதவீதம் மட்டும் இறங்கியிருந்தால் அவர்கள் விற்கவில்லை. கம்பெனி புதிய பங்குகளை வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறது. எண்ணிக்கையே குறைந்திருந்தால் பெரும்பாலும் விற்றிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

இனி அடமானக் கட்டம். அதன் ஆங்கிலத் தலைப்பில் ‘என்கம்பர்டு’ என்ற சொல்லைக் கண்டபோது சிரித்துவிட்டேன். நாங்கள் ஈ.சி. என்று சொல்கிறோமே, அந்த வில்லங்கச் சான்றின் ‘என்கம்பரன்ஸ்’தான் இது! அங்கே 60 என்று இருந்தால் கம்பெனியின் 60 சதவீதம் என்று பொருளல்ல. புரமோட்டர் வைத்திருப்பதில் 60 சதவீதம். கம்பெனியில் அவருக்கு 40 சதவீதம் இருந்தால், அடமானத்தில் இருப்பது மொத்தத்தில் 24 சதவீதம். நிலத்தை அடமானம் வைத்தால் அதன் விலை நாளுக்கு நாள் ஆடாது. பங்கு ஆடும். விலை இறங்கியதும் கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். கிடைக்காவிட்டால் அடமானப் பங்குகளைச் சந்தையில் விற்பார். அதனால் விலை இன்னும் சரியும். சரிவதால் இன்னும் விற்பார்கள். என் எண்பதாயிரம் போன வழி அதுதான். 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் மோசடி வெளிவந்த நாட்களையொட்டி, அதன் புரமோட்டர்கள் அடமானம் வைத்த பங்குகளும் இப்படித்தான் கைமாறின. அதற்குப் பிறகே, அடமானத்தை வெளியில் சொல்ல வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியது. அடமானம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேடுவேன். ஐம்பதைத் தாண்டினால் தாளை மூடிவிடுவேன். இது சட்டமல்ல, சுட்டுக்கொண்டவன் போட்ட கணக்கு.

அடுத்தது ‘பப்ளிக்’ என்ற பகுதி. பொதுமக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். புரமோட்டர் அல்லாத எல்.ஐ.சி., மியூச்சுவல் ஃபண்ட், வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் எல்லாம் இதற்குள்தான். நம் மாவட்டத்து என்.எல்.சி.யின் தாளைத் திறந்து பாருங்கள். புரமோட்டர் இடத்தில் இந்தியக் குடியரசுத் தலைவர் இருப்பார். 2013இல் மத்திய அரசு தன் பங்கில் கொஞ்சத்தை விற்க முனைந்தபோது நெய்வேலியில் வேலைநிறுத்தம் நடந்தது நினைவிருக்கலாம். கடைசியில் 3.56 சதவீதத்தைத் தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் வாங்கின. அவையும் அரசுதான், ஆனாலும் கணக்கில் பப்ளிக்!

ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர் இங்கே தனியாக வரும். அவர்கள் யார் என்று தேடுங்கள். ஐ.டி.சி.க்குப் புரமோட்டரே கிடையாது. அந்த இடத்தில் சுழி. ஆனால் பப்ளிக் பகுதியில் டொபாக்கோ மேனுஃபேக்சரர்ஸ் என்ற பெயர் இருக்கும். அதன் தாய்ப்பத்திரத்தைத் தேடிப் போனால் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவில் முடியும். 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் முக்கால் பங்கு ஓட்டு தேவைப்படும் சிறப்புத் தீர்மானத்தைத் தனியாளாகத் தடுத்துவிடலாம் என்பதால், யார் அந்த அளவை நெருங்குகிறார் என்பதைக் கவனித்து வையுங்கள்.

சின்ன முதலீட்டாளர்கள் என்ற வரியையும் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு லட்ச ரூபாய் வரை பங்கு வைத்திருக்கும் தனிநபர்கள் அந்த வரியில் வருவார்கள். அந்த வரம்பு முகமதிப்பில், அதாவது பங்குக்குக் கம்பெனி எழுதி வைத்த மதிப்பில் கணக்கிடுவது, சந்தை விலையில் அல்ல. முகமதிப்பு ஒரு ரூபாய், சந்தை விலை ஆயிரம் என்றால், இருபது கோடி ரூபாய் போட்டவரும் அங்கே நம்மைப் போன்ற சின்னவர்தான்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைப் பார்த்து ஈ.ஐ.டி. பாரி பங்கை வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அந்தக் கம்பெனி கோரமண்டல் இன்டர்நேஷனல் என்ற உரக் கம்பெனியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை வைத்திருக்கிறது. கரும்பை நம்பி வாங்குகிறவருக்கு உரமும் சேர்ந்தே வருகிறது. ஆகவே கம்பெனியை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்த கையோடு, கம்பெனி எதையெல்லாம் வைத்திருக்கிறது என்பதையும் ஆண்டறிக்கையில் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி 21ஆம் தேதிகளைக் கடைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். நான்கு தாள்களை அடுத்தடுத்து வைத்துத்தான் படிப்பேன். பொங்கல் முடிந்து கூட்டம் மொய்க்கும் நேரம் என்பதால், ஜனவரித் தாளைப் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் எடுக்கிறேன்.